நெஞ்சு படபடப்பது ஏன்? அச்ச நோயும் அதனை வெல்லும் வழியும்

அச்சம் உயிர்களுக்கு இயற்கை வழங்கிய காவல். பாம்பைக் கண்டவன் பின்வாங்குவதும், பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டவன் கரையிலே நின்றுவிடுவதும் அச்சம் செய்யும் நன்மைகளாம். அச்சம் என்பதையே அறியாத ஒருவன் இவ்வுலகில் நெடுநாள் வாழ்தல் அரிது. திருவள்ளுவரும் அச்சத்தை அடியோடு பழித்தவரல்லர். எதற்கு அஞ்சவேண்டுமென அறிந்து நடப்பதை அறிவுடையோர் இயல்பாகவே கருதினார்.

ஆயினும், காவலே தொல்லையாக மாறிவிடுவதும் உண்டு. கள்வனைக் கண்டு குரைக்கும் நாய் வீட்டுக்குத் துணையாகும். காற்றில் அசையும் வாழையிலையைக் கண்டும், நிலவொளியில் விழும் தன் நிழலைக் கண்டும் இரவு முழுவதும் குரைக்கும் நாயால் வீட்டார் உறக்கமிழந்து வாடுவர். நாய் பொல்லாததன்று, அது குரைக்கும் வேளைதான் பிழையானது. அச்ச நோயின் தன்மையும் இத்தகையதே. அபாயம் இல்லாத இடத்தில் அபாய மணி ஒலிக்கின்றது. ஒலித்தபின் அடங்கவும் மறுக்கின்றது.

2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 30 கோடி மக்கள் அச்ச நோய்களால் வருந்தினர் என உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. மனத்தைப் பற்றும் நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஆடவரினும் பெண்களிடத்து இது ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்படுகின்றது. நல்ல சிகிச்சை இருந்தும் அதனைப் பெறுவோர் நால்வருள் ஒருவரே என்பது வருந்தத்தக்க செய்தி. எஞ்சிய மூவரும் என்ன செய்கின்றனர்? நம் வீடுகளில் இந்நோய் தன் சொந்தப் பெயரோடு உலாவுவதில்லை. "இருதயத்தில் ஏதோ கோளாறு" என்பார் ஒருவர். "வாய்வு" என்பார் மற்றொருவர். ஏக்கம், கண்ணூறு, சோம்பல், பிடிவாதம் எனப் பல பெயர்கள் அதற்கு உண்டு. பெயர் பிழைத்தால் வைத்தியமும் பிழைக்கும்.

எவ்வூரிலும் காணத்தக்க ஒரு குடும்பம்

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு குடும்பத் தலைவியை எண்ணிப் பார்ப்போம். மூன்று பிள்ளைகளின் தாய்; வீட்டு வேலையிலும் வெளி வேலையிலும் சமர்த்தி. ஒரு நாள் சந்தைக்குச் செல்லப் பஸ் வண்டியில் ஏறி அமர்கின்றார். சனநெருக்கம், புழுக்கம். திடீரென நெஞ்சு படபடவென அடிக்கின்றது. மூச்சு முட்டுகின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, விரல் நுனிகள் விறைக்கின்றன, தலை சுற்றுகின்றது. "என் உயிர் போகப்போகின்றது" என்ற எண்ணம் மின்னலெனப் பாய்கின்றது. அயலிலிருந்தோர் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கின்றனர். இரத்தம் சோதிக்கப்படுகின்றது, ஈ.சி.ஜி. எடுக்கப்படுகின்றது. யாவும் செவ்வனே இருக்கின்றன. "ஒன்றுமில்லை அம்மா, வீட்டுக்குப் போங்கள்" என்கிறார் வைத்தியர்.

"ஒன்றுமில்லை" என்ற சொல் அவருக்கு ஆறுதல் அளிக்கவில்லை. அவர் பட்ட வேதனை பொய்யன்றே! மறுவாரம் பஸ் தரிப்பிடம் வரை சென்றவர், நெஞ்சு அடிக்கத் தொடங்கியதும் வீடு திரும்புகின்றார். திரும்பியவுடன் படபடப்பு அடங்குகின்றது. அன்று முதல் பஸ்ஸில் ஏறுவதில்லை. சில மாதங்களில் சந்தை நின்றது. பின்னர் கோயில் திருவிழா நின்றது. இறுதியில் வீட்டிலே தனித்திருக்கவும் இயலாமற் போயிற்று. கணவர் வேலை முடிந்து ஓடிவந்து சாமான் வாங்குகின்றார். பதினான்கு வயது மூத்த மகள், தாய்க்குத் துணையாகப் பாடசாலைக்குச் செல்லாது வீட்டில் தங்குகின்றாள்.

இவர்கள் யாவரும் அன்பினாலேயே இவ்வாறு செய்கின்றனர். ஆனால், ஒருவரைப் பற்றிய நோய் இப்பொழுது ஒரு குடும்பத்தையே பற்றிக்கொண்டது; ஒரு சிறுமியின் கல்வியையும் விலையாகக் கேட்கின்றது.

இப்பெண்மணிக்கு இருதய நோய் இல்லை; அவர் நடிக்கவுமில்லை. அவ்வாறாயின் இஃது யாது? இதே கேள்வியை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வைத்தியர் ஒருவர் போர்வீரர் சிலரைப் பார்த்துக் கேட்க நேர்ந்தது.

போர்வீரரின் இருதயம்

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அக்காலத்தில் பிலடெல்பியா நகரில் ஜேக்கப் மென்டெஸ் டா கோஸ்டா என்னும் வைத்தியர், காயமெதுவும் இன்றி வந்த வீரர் பலரைக் கண்டார். நெஞ்சுத் துடிப்பு, நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், தலைச்சுற்று என்பனவே அவர்களுடைய முறைப்பாடுகள். இவ்வாறான முந்நூறுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, 1871 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எளிதிற் கிளர்ச்சியுறும் இருதயம் என்ற கருத்தில் இந்நிலைக்குப் பெயரிட்டார். காய்ச்சலும், வயிற்றோட்டமும், கடும் உழைப்பும் இருதயத்தைக் களைக்கச் செய்தன என்று எண்ணி, ஓய்வையும் இருதய மருந்தையும் விதித்தார்.

1914 இல் மூண்ட முதலாம் உலகப் போரில் இதே முறைப்பாட்டோடு ஆயிரக்கணக்கான பிரித்தானிய வீரர்கள் போர்முனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களைப் பரிசோதித்த தோமஸ் லூயிஸ் என்னும் பேர்பெற்ற இருதய வைத்தியர், நீண்ட படுக்கை ஓய்வு இவர்களுக்கு நன்மை செய்யவில்லை எனக் கண்டார். சிறிது சிறிதாகக் கடினமாகும் தேகப்பயிற்சிகளை அவர் வகுத்தார். படுத்திருந்தபோது தேறாத பலர், எழுந்து நடக்கத் தொடங்கியபின் தேறினர். 1941 ஆம் ஆண்டில் போல் வூட் என்னும் மற்றொரு இருதய நிபுணர், இந்நிலைக்கு மூலம் இருதயத்தில் இல்லை, அச்சத்திலேயே உள்ளது என்று தக்க ஆதாரங்களோடு எடுத்துரைத்தார்.

குண்டு மழைக்கு முன்னே நெஞ்சை நிமிர்த்தி நின்ற வீரர்களையும் இந்நோய் பற்றியது. ஆதலால், இதனைக் கோழைத்தனம் என்று இகழ்வது எத்துணைப் பேதைமை!

உடலில் நிகழ்வது

அச்சம் மனத்தில் தோன்றுவதாயினும் வேலை செய்வது உடலிலேயாம். ஹாவர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வோல்ட்டர் கனன் 1915 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். அபாயத்தைக் கண்ட விலங்கு போரிடவேண்டும், அல்லது ஓடவேண்டும். இரண்டுக்கும் வேண்டிய ஆயத்தம் ஒன்றே. மூளையின் உட்பகுதியிலே பாதாம் பருப்பின் அளவினதாய் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதி முதலில் எச்சரிக்கை செய்கின்றது என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை. உடனே சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அதிரினலின் என்னும் ஓமோனை இரத்தத்தில் விடுகின்றன. தசைகளுக்கு இரத்தம் செலுத்த இருதயம் விரைந்து துடிக்கின்றது. காற்று மிகுதியாக வேண்டியிருப்பதால் மூச்சு விரைகின்றது. உடல் சூடேறாதிருக்க வியர்வை பொழிகின்றது. உணவு செரித்தல் அவ்வேளைக்கு அவசியமன்று. ஆதலால் வாய் உலர்ந்து வயிறு பிசைகின்றது.

காட்டில் கரடியைக் கண்டு ஓடுபவனுக்கு இவ்வாயத்தம் யாவும் பயன்படுகின்றன. பஸ்ஸில் அமர்ந்திருக்கும் ஒரு தாய்க்கு ஓடவும் இடமில்லை, போரிடவும் எதிரியில்லை. உழைப்பு இல்லாமல் மூச்சை மட்டும் வேகமாக வாங்குவதால், இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைகின்றது. விரல்களும் உதடும் விறைப்பதும், தலை சுற்றுவதும் இதன் விளைவே. இவை துன்பம் தருவன; உயிரைப் பறிப்பனவல்ல.

உயிருக்கு அபாயம் இல்லையாயின் இத்துணைப் பீதி எங்கிருந்து எழுகின்றது? ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் கிளார்க் 1986 ஆம் ஆண்டில் இதற்கு விடை தந்தார். நெஞ்சுத் துடிப்பை நோயாளி "மாரடைப்பு" என்று பொருள் கொள்கின்றார். தலைச்சுற்றை "மயங்கி விழப்போகின்றேன்" என்று பொருள் கொள்கின்றார். அவ்வெண்ணம் அச்சத்தை வளர்க்கின்றது. அச்சம் அதிரினலினை வளர்க்கின்றது. அதிரினலின் துடிப்பை வளர்க்கின்றது. வளர்ந்த துடிப்பு எண்ணத்தை மெய்ப்பிப்பதுபோல் தோன்றுகின்றது. செக்கு மாடுபோல் மனம் இவ்வட்டத்திலே சுற்றுகின்றது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின்னர் தானாகவே தணிவது இப்பீதியின் இயல்பு. ஆனால், அச்சம் போனபின்னும் "மீண்டும் வருமோ?" என்ற அச்சம் தங்கிவிடுகின்றது.

வகைகளும் காரணங்களும்

திடீரென எழும் பீதி இந்நோய்க் குடும்பத்தில் ஒரு பிள்ளை மாத்திரமே. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் வெளியிட்ட கைந்நூல் அதனைத் தனி நோயாக வகுத்தது. பிள்ளையின் பரீட்சை, கணவரின் உத்தியோகம், வீட்டுச் செலவு என ஒன்றன்பின் ஒன்றாக மாதக்கணக்கில் ஓயாது யோசித்து, உறக்கமின்றித் தசைகள் இறுகி வாடுவது இன்னொரு வகை. நாலுபேர் முன்னே பேசவும் உண்ணவும் கூசி ஒதுங்குவது வேறொரு வகை. உயரம், இடி, நாய், ஊசி போன்ற ஒன்றைக் கண்டு மட்டும் அளவிறந்து அஞ்சுவதும் உண்டு. போர், அனர்த்தம் முதலிய கொடுமைகளை அனுபவித்தபின் அவை கண்முன்னே மீண்டும் மீண்டும் தோன்றி வருத்துவது இன்று தனி நோயாகக் கருதப்படுகின்றது. ஆயினும் அச்ச நோய்களுக்கு அது நெருங்கிய உறவு.

காரணம் ஒன்றெனக் கூற இயலாது. சில குடும்பங்களிற் பரம்பரையாகவே அச்சம் மிகுந்த சுபாவம் தொடர்கின்றது. இளமையிற் பட்ட துன்பம், பெற்றோரின் பிரிவு, அன்புடையோரின் மரணம், கடன், தீராத குடும்பச் சச்சரவு என்பன அச்சுபாவத்தைத் தூண்டி நோயாக்குகின்றன. 1983 முதல் 2009 வரை போரையும், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையையும் கண்ட நம் நாட்டில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநோய் வைத்திய நிபுணர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போரினால் மக்கள் மனத்தில் ஏற்பட்ட வடுக்களை ஆராய்ந்து 1998 ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். நம்மவர் மனத்துன்பத்தைச் சொல்லாற் கூறுவதிலும் நெஞ்சு நோவாகவும், உடல் உளைவாகவும், பெருமூச்சாகவும் வெளிப்படுத்துவதே மிகுதி.

உடற் காரணங்களையும் மறத்தலாகாது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும், இரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். கோப்பியும் கடுந்தேநீரும் அதனை மிகுவிக்கும். மதுபானம் அன்றிரவு ஆறுதல் தந்து, மறுநாள் அச்சத்தை வட்டியோடு திருப்பித் தரும். ஆகையால், முதன்முறை நெஞ்சு நோவு கண்டவர் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். நோவு கைக்கோ தாடைக்கோ பரவினாலும், நடக்கும்பொழுது மிகுந்தாலும் ஒரு கணமும் தாமதித்தலாகாது. பரிசோதித்து இருதயம் நலமென்று உறுதியானபின், அதே பரிசோதனையை ஊர் ஊராகச் சென்று திரும்பத் திரும்பச் செய்விப்பது நோயை வளர்ப்பதாகும்.

ஓடினால் துரத்தும்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். அப்பெண்மணி பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடு திரும்பியபோது படபடப்பு அடங்கிற்று அல்லவா? அந்த ஆறுதலே நோயின் உணவு. "நான் தப்பினேன், தப்பியிராவிடில் இறந்திருப்பேன்" என்று மனம் பாடம் படித்துக்கொள்கின்றது. அங்கேயே நின்றிருந்தால் சற்று நேரத்தில் படபடப்புத் தானே அடங்கியிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவில்லை. விலகும் ஒவ்வொரு முறையும் அச்சம் ஒரு பிடி வளர்கின்றது.

இதற்கு மாற்று, விலகியதை மெல்ல மெல்ல அணுகுதலே. 1924 ஆம் ஆண்டில் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் செய்த சோதனையொன்று புகழ்பெற்றது. முயலைக் கண்டால் அலறும் மூன்று வயதுச் சிறுவனை உயர்ந்த நாற்காலியில் அமர்த்தி, அவனுக்கு விருப்பமான தின்பண்டத்தைக் கொடுத்து, கூட்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது அண்மையாகக் கொண்டுவந்தார். இறுதியில் அச்சிறுவன் முயலைத் தடவி விளையாடினான். தென்னாபிரிக்க வைத்தியர் ஜோசப் வோல்ப்பே இம்முறையை வளர்த்து, 1958 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அவுஸ்திரேலியப் பெண்மணியான கிளெயர் வீக்ஸ் என்பார் இளமையில் இந்நெஞ்சுத் துடிப்பால் வருந்தியவர். முதலாம் உலகப் போரைக் கண்டுவந்த நண்பர் ஒருவர், போர்முனையில் வீரருக்கும் இவ்வாறே நேர்ந்தது என்றும், துடிப்பைக் கண்டு அஞ்சுவதனாலேயே அது தொடர்கின்றது என்றும் அவருக்கு எடுத்துரைத்தார். அவ்விளக்கமே அவருக்கு மருந்தாயிற்று. பின்னர் வைத்தியராகி, 1962 ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் பல இலட்சம் வாசகருக்கு வழிகாட்டிற்று. அச்சத்தை எதிர்கொள்ளுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள், அதனோடு மல்லுக்கு நில்லாது மிதந்து செல்லுங்கள், காலம் கழியவிடுங்கள் என்பதே அவர் கூறிய நெறி.

இன்றைய மனநலச் சிகிச்சையாளர் இவ்விரண்டையும் இணைத்து, பத்துப் பன்னிரண்டு சந்திப்புகளில் சிகிச்சை செய்கின்றனர். ஒருபுறம், "துடிப்பு என்றால் மரணம்" என்ற தவறான எண்ணத்தை ஆராய்ந்து திருத்துகின்றனர். மறுபுறம், ஏணிப்படிபோல் பயிற்சிகளை வகுக்கின்றனர். நம் குடும்பத் தலைவிக்கு முதற்படி, பஸ் தரிப்பிடத்தில் கால் மணி நேரம் நிற்பது. அடுத்தது, கணவரோடு ஒரு தரிப்பிடத் தூரம் செல்வது. பின்னர் தனியே அத்தூரம். பின்னர் சந்தை வரை. கடைசியாக, நெருக்கமான வண்டியில் ஜன்னலோரம் தேடாமல் நின்று செல்வது. படபடப்பு வரத்தான் செய்யும். வந்து, உயர்ந்து, தாழும்வரை அவ்விடத்தை விட்டு இறங்காமல் இருப்பதே பயிற்சி.

மருந்துகள்

மருந்தும் உதவும். 1960 ஆம் ஆண்டினையொட்டி நியூயோர்க்கில் டொனால்ட் கிளைன் என்னும் வைத்தியர், பீதியால் வருந்தியோருக்கு இமிப்பிரமைன் என்னும் மருந்தைக் கொடுத்தார். சில வாரங்கள் சென்றும் குணமில்லை என்றே அவர்கள் முறையிட்டனர். ஆனால், நாடோறும் "சாகின்றேன்" என்று தாதியரிடம் ஓடிவந்தவர்கள் இப்பொழுது ஓடிவருவதில்லை என்பதைத் தாதியரே முதலிற் கவனித்தனர். பீதியை மருந்தால் தடுக்கலாம் என்பது இவ்வாறு தெரியவந்தது.

1960 இல் லிபிரியமும் 1963 இல் வேலியமும் விற்பனைக்கு வந்தன. அரை மணி நேரத்தில் ஆறுதல் தரும் இக்குளிசைகளை உலகம் ஆவலோடு விழுங்கிற்று. பழக்கமாகிவிட்டால் விடுவது கடினம் என்பது பின்னரே உணரப்பட்டது. ஆதலால், இவ்வினக் குளிசைகளை வைத்தியர் குறித்த சிலநாட்களுக்கு மேல் உட்கொள்ளலாகாது. அயலவருக்குக் கொடுத்த குளிசையை நாமும் வாங்கி உட்கொள்ளலாகாது. இன்று முதலில் வழங்கப்படுவன சேர்ட்ரலின், புளுவொக்செற்றின் முதலியன. இவற்றின் பயன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் செல்லும். முதல் நாட்களிற் சற்று அமைதியின்மை மிகுவதும் உண்டு. அதனைக் கண்டு நிறுத்திவிடுவோரும், குணம் கண்டவுடன் தாமாகவே நிறுத்திவிடுவோரும் பயனை இழப்பர். தொடங்குவதும் விடுவதும் வைத்தியர் சொற்படியே நிகழவேண்டும்.

வீட்டார் செய்யவேண்டியவை

"பயப்படாதே" என்று அதட்டுவதால் பயம் போகாது. போகுமாயின் நோயாளி தாமாகவே அதனை விரட்டியிருப்பார். "நடிக்கிறாய்" என்ற சொல்லோ ஆறாத புண்ணை உண்டாக்கும். அதேவேளை, அவர் அஞ்சும் வேலைகள் யாவற்றையும் நாமே செய்துகொடுப்பதும் உதவியன்று. நோயாளிக்கு உதவுதல் வேறு. நோய்க்கு உதவுதல் வேறு. அன்புள்ள குடும்பங்களே இவ்வேறுபாட்டில் தடுமாறுகின்றன.

பீதி எழும் வேளையில் அருகில் அமர்ந்து, "இது வந்துபோகும், நான் இருக்கிறேன், மூச்சை மெதுவாக விடுங்கள்" என்று தணிந்த குரலிற் கூறினாற் போதும். அவ்விடத்தைவிட்டு உடனே இழுத்துச்செல்ல வேண்டாம். சிகிச்சையாளர் வகுத்த படிகளை அவரோடு சேர்ந்து ஏறுங்கள், ஒரு படி ஏறியதும் பாராட்டுங்கள், சறுக்கினால் கடியாதீர்கள். துணைக்கென்று பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்துதல் ஒருபோதும் கூடாது. அப்பிள்ளை கல்வியை இழப்பதோடு, உலகம் அபாயமானது என்ற பாடத்தையும் தாயிடமிருந்து கற்றுக்கொள்ளும். கோயில் வழிபாடு மனத்துக்கு ஆறுதல் தருமாயின் தாராளமாகச் செய்யலாம். நூல் கட்டியதோடு வைத்தியத்தை நிறுத்திவிடுதல் தகாது.

அரசினர் வைத்தியசாலைகள் பலவற்றில் மனநலப் பிரிவுகள் கட்டணமின்றி இயங்குகின்றன. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தை 1926 என்ற எண்ணில் தொலைபேசி மூலம் அணுகலாம். அப்பிரிவின் வாசலில் தெரிந்தவர் கண்டுவிடுவரோ என்ற கூச்சமே பலரைத் தடுக்கின்றது. பெண் கலியாணத்துக்குத் தடையாகுமோ என்று எண்ணி மறைப்போரும் உளர். மறைத்த நோய் வருடக்கணக்கில் வளரும். வெளியிட்ட நோய் பெரும்பாலும் சில மாதங்களிலே தணியும்.

அச்சத்தை வேரோடு பிடுங்கி எறிவது சிகிச்சையின் நோக்கமன்று. அது இயலாது, இயலினும் நன்றன்று. காவல் நாயைக் கொன்றுவிட்டு உறங்குபவன் வீட்டில் கள்வன் புகுவான். கள்வன் யார், வாழையிலை எது என்று அந்நாய்க்குப் பொறுமையோடு பழக்கிவிட்டால், வீட்டாரும் உறங்கலாம், காவலும் குறைவுபடாது.